மோனாலிசாவை வரைந்த டாவின்சியின் அம்மா யார்? 500 வருஷமா தொடரும் தேடல்

லியனார்டோ டாவின்சியைத் தெரியாதவங்க குறைவு. ஆனா அவரோட அம்மா யார்?

1452 ஏப்ரல் 15. இத்தாலியின் வின்சி ஊரில் பேரன் பிறந்ததை தாத்தா அன்டோனியோ குறித்து வைத்தார். ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களின் பெயர்கள்கூட அதில் உண்டு. பெற்றவள் பெயர் மட்டும் இல்லை. அப்பா பியரோ, பத்திரம் எழுதும் நோட்டரி. அந்தப் பெண்ணை அவர் மணக்கவில்லை.

1457-ல் தாத்தா காட்டிய வரிக்கணக்கில் அவள் பெயர் வந்தது: கத்தரினா. அப்போது அவள் வேறொருவரின் மனைவி.

திருமணத்துக்கு வெளியே பிறந்ததால் அப்பாவின் தொழிலுக்கு லியனார்டோவால் போக முடியலை. பிளாரன்ஸில் வெரோக்கியோவின் பட்டறையில் ஓவியம் கற்றார்.

1493-ல் மிலனில் தன்னிடம் கத்தரினா என்றொரு பெண் வந்ததாகக் குறித்தார். பிறகு அவளை அடக்கம் செய்த செலவையும் எழுதினார். என்ன உறவுன்னு எழுதலை. அம்மாதான் என்கிறார்கள் பல ஆய்வாளர்கள்.

ஏழை அனாதைப் பெண் என்றார் மார்ட்டின் கெம்ப், 2017-ல். காகசஸ் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை என்றார் கார்லோ வெச்சே, 2023-ல். அவர் காட்டும் ஆதாரம், லியனார்டோ பிறந்து ஆறரை மாதத்தில் கத்தரினா என்ற அடிமைக்கு எழுதப்பட்ட விடுதலைப் பத்திரம்.

அதை எழுதிய நோட்டரி? லியனார்டோவின் அப்பா பியரோ!