நாடகாசிரியர் ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள்

ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள் என்றதும் பஞ்சரத்ன கீர்த்தனைகளும், புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் நடைபெறும் ஆராதனையும் நம் நினைவுக்கு வரும். அந்த மகான் நாடகங்களும் இயற்றியவர் என்பதை, வெளியூர்களில் வளரும் நம் இளைய தலைமுறையினர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த நாடகங்களைப் பற்றி அறிஞர்களிடையே எழுந்த கேள்விகளும் சுவையானவை.

ஸ்வாமிகள் 1767-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி திருவாரூரில், ராமப்ரஹ்மம் – சீதம்மா தம்பதிக்குப் புதல்வராக அவதரித்தார். சொண்டி வெங்கடரமணய்யரிடம் சங்கீதம் பயின்றார். அரசவையை நாடாமல், உஞ்சவிருத்தி எடுத்து, ராமநாமமே செல்வமாகத் திருவையாற்றில் வாழ்ந்தார்.

அவர் இயற்றிய 'பிரஹ்லாத பக்தி விஜயம்' 45 பாடல்களும், 'நௌகா சரித்ரம்' 21 பாடல்களும் கொண்டவை. இரண்டிலும் பாடல்களுக்கு இடையே தெலுங்குப் பத்யங்களும் வசனமும் வரும். முன்னதில் நாம் எதிர்பார்க்கும் நரசிம்மாவதாரக் காட்சி இல்லை. கடலில் எறியப்பட்ட பிரஹ்லாதனின் பக்தியே முழுக் கதையும். பின்னதில் கோபியர் கண்ணனோடு யமுனையில் ஓடம் விடுகிறார்கள். கர்வம் தலைக்கேறியதும் புயல் வருகிறது, ஓடம் ஓட்டையாகிறது, கர்வம் அடங்குகிறது. இந்தக் கதை ஸ்ரீமத் பாகவதத்தில் கிடையாது. வங்காள வைஷ்ணவர்களிடம் இதை ஒத்த ஓடக்கதை உண்டு. அதனால் கதை ஸ்வாமிகளின் சொந்தக் கற்பனையா, பஜனை மரபின் வழியாக வந்ததா என்ற விவாதம் எழுந்தது.

மூன்றாவதாக 'சீதாராம விஜயம்' என்ற நாடகமும் அவர் செய்ததாகச் சொல்வர். அது முழுமையாகக் கிடைக்கவில்லை. காம்போஜியிலும் கேதாரகௌளத்திலும் உள்ள இரு கிருதிகள் அதிலிருந்து வந்தவை என்பது செவிவழிச் செய்தி. அப்படி ஒரு நாடகம் இருந்ததா என்று ஐயுறுவோரும் உண்டு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்ன? ஸ்வாமிகள் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்து எழுதியவர் அல்லர். பாவம் பொங்கும்போது பாடுவார். சிஷ்யர்கள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இதற்குத் திருமலையே சாட்சி. எழுபது வயதைக் கடந்த நிலையில், காஞ்சி உபநிஷத் ப்ரஹ்மேந்திரரின் அழைப்பை ஏற்று யாத்திரை புறப்பட்டவர், திருமலைக்கும் சென்றார். சன்னதியை அடைந்தபோது திரை போடப்பட்டிருந்தது. தம் மனத்திலுள்ள அகங்காரத் திரையை விலக்குமாறு கௌளிபந்து ராகத்தில் அவர் உருகிப் பாட, திரை விலகி ஸ்ரீ வேங்கடேசப் பெருமாள் தரிசனம் தந்தார் என்பது ஐதீகம். திரும்பும் வழியில் புத்தூரில், கிணற்றில் விழுந்து இறந்தவர் பிலஹரி ராகப் பாடலால் உயிர் பெற்றார் என்றும் கூறுவர். யாத்திரையில் நொடிப்பொழுதில் பிறந்த பாடல்கள் இன்று நம்மிடம் இருப்பது கேட்டவர்களின் நினைவாற்றலால்தான்.

அந்த யாத்திரையில் அவரை வரவேற்ற ஊர்களில் ஒன்று வாலாஜாபேட்டை. அங்கு வாழ்ந்த சிஷ்யர் வெங்கடரமண பாகவதரும் அவர் குமாரர் கிருஷ்ணஸ்வாமி பாகவதரும் குருவின் பாடல்களையும் சரித்திரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தச் சுவடிகள் பின்னாளில் மதுரை சௌராஷ்டிர சபையைச் சென்றடைந்தன. தில்லைஸ்தானம், உமையாள்புரம் சிஷ்ய பரம்பரைகளும் பாடாந்தரங்களைக் காத்தன. தியாகராஜ முத்திரை இருந்துவிட்டால் மட்டும் ஒரு பாட்டு அவருடையதாகிவிடாது. யாரும் முத்திரையைச் சேர்த்துவிடலாம் அல்லவா? எந்தச் சிஷ்ய பரம்பரை அதைப் பாடி வந்தது என்பதையும் அறிஞர்கள் பார்க்கிறார்கள்.

சிஷ்யர்கள் எழுதினார்கள் என்பதால் குருவின் பெருமை குறைந்துவிடாது. அவருக்கு ஒரு தலைமுறை முன் வாழ்ந்த அருணாசலக் கவிராயரின் 'ராம நாடக'த்துக்கு மெட்டு அமைக்க உதவியவர்கள், சட்டநாதபுரம் வெங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். கவிராயரின் புகழ் அதனால் மங்கவில்லை. தியாகராஜரின் நாடகங்களிலோ சாஹித்யமும் சங்கீதமும் ஒருவருடையவையே. சிஷ்யர்களின் பணி அவற்றைக் காத்தது.

ஸ்வாமிகள் சன்யாசம் ஏற்று, 1847 ஜனவரி 6-ஆம் தேதி ஸித்தியடைந்தார். 20-ஆம் நூற்றாண்டில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 'நௌகா சரித்ர'த்தைப் பதிப்பித்து மீண்டும் அறிமுகம் செய்தார். எழுதி வைத்தவை பிழைத்தன. எழுதாமல் விட்டதோ, எழுதியும் தொலைந்ததோ, 'சீதாராம விஜயம்' பெயரளவில் நின்றுவிட்டது.

நம் இல்லங்களிலும் தாத்தா, பாட்டி எழுதி வைத்த பாட்டு நோட்டுகள் பரணில் கிடக்கலாம். பழைய பேப்பரோடு போட்டுவிடாமல், யாரிடம் கேட்டு எழுதியது என்ற விவரத்தையும் குறித்து வைத்துப் பாதுகாப்போமாக.