டாக்டர் செலிகாஃப் கேட்டு வாங்கிய பட்டியல்

ஆஸ்பெஸ்டாஸ்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது மே மாசத்துல அடுப்பு மாதிரி காயுற ஷீட் கூரைதான். அமெரிக்காவுல அதுக்கு வேற வேலையும் இருந்தது. பாய்லர், நீராவிக் குழாய், கப்பல் இன்ஜின் ரூம்னு சூடு வீணாகக் கூடாத எல்லா இடத்திலும் அதைத்தான் சுற்றினார்கள். வெட்டும்போது பறக்கும் தூசி இன்சுலேஷன் தொழிலாளிகளின் நெஞ்சுக்குள் போனது. அவர்களுக்காகக் கணக்கெடுத்தவர் டாக்டர் இர்விங் செலிகாஃப்.

1915-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். முதலில் பேர் வாங்கியது காசநோய் சிகிச்சையில். புது மாத்திரைகளைச் சோதித்ததற்காக 1955-ல் லாஸ்கர் விருதும் கிடைத்தது. அதோடு நின்றிருந்தாலே பெரிய டாக்டர்தான்.

அப்போது நியூ ஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊரில் கிளினிக் வைத்திருந்தார். அந்த ஊர் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்த 17 பேர் அவரிடம் வைத்தியம் பார்த்தார்கள். வருஷங்கள் போகப் போக அவர்களில் ஒருவர் பின் ஒருவராக நுரையீரல் கெட்டு இறந்தார்கள். ஆனா 17 பேரை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. மொத்தம் எத்தனை பேர் வேலை பார்த்தாங்க, அதுல எத்தனை பேர் செத்தாங்கன்னு தெரியணும். நம்ம பாஷையில சொன்னா, பகுதி எண் வேணும்.

அதற்காக அவர் போனது இன்சுலேஷன் தொழிலாளர் சங்கத்திடம். இந்த வேலைக்காரர்கள் இன்று ஒரு கான்ட்ராக்டர், நாளைக்கு இன்னொருத்தர் என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள். ஆனால் யார் எந்த வருஷம் தொழிலுக்கு வந்தார் என்பது சங்கத்தின் பதிவேட்டில் இருந்தது. 1943-க்கு முன்பே சேர்ந்த 632 பேரை எடுத்து, 1962 வரை அவர்களுக்கு என்ன ஆச்சு என்று தேடினார். புள்ளியியலுக்கு கைலர் ஹாமண்ட், திசுப் பரிசோதனைக்கு ஜேக்கப் சர்க் கூட இருந்தார்கள்.

சாதாரண ஜனங்களின் கணக்குப்படி நுரையீரல், அதைச் சுற்றிய உறை ஆகியவற்றில் வரும் புற்றுநோயால் ஆறு ஏழு பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தது 45 பேர். 1964-ல் இது வெளியானது. அதே வருஷம் நியூயார்க்கில் பெரிய மாநாடும் கூட்டினார். பார்த்துப் பேசுங்கள் என்று ஆஸ்பெஸ்டாஸ் தரப்பு வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்ததுதான் மிச்சம்!

தொழிலாளிகளின் கேள்வி ஒன்றுதான்: எப்பவோ பார்த்த வேலை, இப்ப நல்லாத்தானே இருக்கேன், இனிமே என்ன ஆகும்? செலிகாஃப் பூசி மெழுகவில்லை. சங்கத்து ஆட்களுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தொழிலுக்கு வந்து 20 வருஷம் தாண்டிய 392 பேரில் 339 பேருக்கு நுரையீரலில் மாற்றம் தெரிந்தது. புதுசா வந்தவர்களிடம் ரொம்பக் குறைவு. அதாவது இன்றைய எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதியாகிவிட முடியாது, தொடர்ந்து பார்க்கணும். பேட்டர்சன் ஆலையில் சில மாதங்களே இருந்தவர்களையும் பின்னாளில் ஆராய்ந்தார். அவர்களிடமும் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. அழுக்குச் சட்டையோடு வீட்டுக்குப் போன தூசி மனைவி, பிள்ளைகளையும் விடவில்லை.

அவர்கள் கையில் இருந்த ஒரே விஷயம் சிகரெட். ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்று 1968-ல் காட்டினார். தூசியை வெளியே எடுக்க முடியாது, சிகரெட்டை விடலாம். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. பயந்து வந்தவருக்கு நாளைக் காலையிலிருந்து செய்ய ஒரு வேலை கிடைத்தது.

பிறகு அமெரிக்கா, கனடா முழுக்க 17,800 பேரைப் பட்டியலில் சேர்த்து, 1967 முதல் பத்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார். 1989-ல் அமெரிக்க அரசு ஆஸ்பெஸ்டாஸை அநேகமாக முழுசாகவே தடை செய்தது. 1991-ல் நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ரத்து செய்தது. அடுத்த வருஷம் மே மாதம், 77 வயதில் செலிகாஃப் காலமானார். கடைசியாகப் புழக்கத்தில் இருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை அந்த நாடு தடை செய்தது 2024-ல்.