மிசாக் மனூசியான்

மிசாக் மனூசியான் (செப்டம்பர் 1, 1906 - பெப்ரவரி 21, 1944) ஆர்மேனியக் கவிஞரும், இரண்டாம் உலகப் போரில் பாரிசை ஆக்கிரமித்திருந்த நாசி ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட குழுவொன்றின் தலைவரும் ஆவார். பிறந்த ஆண்டு 1909 எனக் கூறுவோரும் உண்டு.

இளமை

ஒட்டோமான் பேரரசின் ஆதியமான் நகரில் (இன்றைய துருக்கி) பிறந்தார். 1915 இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலையின்போது தந்தை கொல்லப்பட்டார். தாயும் விரைவில் இறந்தார். லெபனானிலுள்ள அநாதை இல்லமொன்றில் வளர்ந்து, 1920களின் நடுவில் உடன்பிறந்தவர் ஒருவருடன் மார்சேய் துறைமுகம் வழியாகப் பிரான்சை அடைந்தார். அக்காலத்தில் ஆர்மேனிய அகதிகள் பலர் பாரிசின் புறநகர்களில் குடியேறினர். சென், மார்ன் ஆறுகள் கூடுமிடத்திலுள்ள அல்போர்வில் அவற்றுள் ஒன்று. ஆர்மேனியர் கணிசமாக வாழும் ஊராக அது இன்றும் அறியப்படுகிறது.

பாரிசில்

சிட்ரோயன் தானுந்துத் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தார். பொருளாதார மந்தத்தில் வேலை போனபின் சிற்பிகளுக்கு மாதிரியாக நின்று பிழைத்தார். வறுமையிலும் நண்பருடன் இணைந்து இரு ஆர்மேனிய இலக்கிய இதழ்களை நடத்தினார். போதலேர், வெர்லேன், ரம்போ ஆகியோரின் கவிதைகளை ஆர்மேனிய மொழியில் பெயர்த்தார். 1934 இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். ஆர்மேனிய உதவிக் குழுவில் சந்தித்த மெலினே அசாதூரியானை 1936 இல் மணந்தார். 1933 இலும் 1940 இலும் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை கோரினார். இருமுறையும் மறுக்கப்பட்டது.

எதிர்ப்பியக்கம்

1943 பெப்ரவரியில் குடியேறிகளைக் கொண்ட ஆயுதப்படையில் சேர்ந்து, ஆகத்தில் பாரிஸ் பகுதித் தலைவரானார். செப்டம்பர் 28 அன்று இவரது குழுவினர், பிரெஞ்சுத் தொழிலாளரை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பிய அதிகாரி யூலியுஸ் ரிட்டரைச் சுட்டுக்கொன்றனர். நவம்பர் 16 அன்று மனூசியான் கைதானார். பின்தொடர்ந்து பிடித்தது பிரெஞ்சுக் காவல்துறையே என்பது கவனிக்கத்தக்கது.

குழுவின் 10 பேரது முகங்களையும் அயல்நாட்டுப் பூர்வீகத்தையும் காட்டி, அவர்களைக் குற்றவாளிகளாகச் சித்திரிக்கும் சிவப்புச் சுவரொட்டியை ஆக்கிரமிப்பாளர்கள் ஒட்டினர். மக்களிடம் வெறுப்பை வளர்க்க எண்ணிய அச்சுவரொட்டியே பின்னாளில் இவர்களது புகழுக்குக் காரணமாயிற்று. பெப்ரவரி 21, 1944 அன்று மோன் வலேரியன் கோட்டையில் மனூசியான் உட்பட 22 ஆண்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஒல்கா பான்சிக் என்ற பெண், மே 10 அன்று ஸ்டுட்கார்ட்டில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், ஜெர்மானிய மக்கள்மீது தமக்கு வெறுப்பில்லை என மனூசியான் குறிப்பிட்டிருந்தார். அக்கடிதத்தைத் தழுவி லூயி அரகோன் 1955 இல் கவிதையொன்று எழுதினார். லியோ பெரே அதற்கு இசையமைத்துப் பாடினார்.

நினைவு

மனூசியானின் உடல், அல்போர்விலுக்கு எதிரே சென் ஆற்றின் மறுகரையிலுள்ள இவ்ரி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. 1989 இல் இறந்த மெலினேயும் அங்கேயே புதைக்கப்பட்டார். பெப்ரவரி 21, 2024 அன்று இருவரது உடல்களும் பிரான்சின் தேசிய நினைவிடமான பாந்தியனுக்கு மாற்றப்பட்டன. அங்கு இடம்பெற்ற முதல் வெளிநாட்டு எதிர்ப்புப் போராளி மனூசியானே. உடன் கொல்லப்பட்ட தோழர்களின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.