களம் மாறிய வீரர்

அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் விளையாட்டு பேஸ்பால். மட்டையால் பந்தை அடித்தவர் களத்தின் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து, தடையின்றிச் சுற்றி வருவதை ‘ஹோம் ரன்’ என்பர். அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் தளத்தில் நின்று அவரை வீழ்த்த முயல்பவரே முதல் தளக் காப்பாளர். அப்பணியில் பெரும்புகழ் பெற்றவர் ஹாங்க் கிரீன்பெர்க்.

இவர் 1911ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் ருமேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த கிரீன்பெர்க்கிடம் வலிமை இருந்தது, விரைவு இல்லை. அக்குறையை இடைவிடாப் பயிற்சியால் ஈடுசெய்தார். நியூயார்க் யாங்கீஸ் அணி இவரை அழைத்தது. ஆனால் அங்கு முதல் தளத்தில் லூ கெரிக் என்னும் மாவீரர் இருந்தார். தமக்கு அங்கே இடம் கிட்டாது என உணர்ந்த கிரீன்பெர்க், டெட்ராய்ட் டைகர்ஸ் அணியைத் தேர்ந்தெடுத்தார். சிறு அணிகளில் ஆடித் தேர்ந்தபின், 1933இல் அவ்வணியின் முதல் தளத்தில் நிலைபெற்றார்.

அக்காலத்தில் அமெரிக்காவில் யூத வெறுப்பு மிகுந்திருந்தது. எதிரணியினரும் பார்வையாளர் சிலரும் இவருடைய இனத்தைச் சுட்டி இழிசொல் வீசினர். 1934இல் டைகர்ஸ் அணி வெற்றிக் கோப்பையை நோக்கி முன்னேறிய வேளையில், யூதர்களின் புனித நாளான ‘யோம் கிப்பூர்’ வந்தது. அன்று கிரீன்பெர்க் களமிறங்காமல் தொழுகைக்குச் சென்றார். தொழுகைக்கூடத்தில் கூடியிருந்தோர் கைதட்டி வரவேற்றனர். அன்றைய ஆட்டத்தில் அணி தோற்றது. எனினும் அவ்வாண்டின் லீக் பட்டத்தை வென்றது.

1935இல் 36 ஹோம் ரன்கள் அடித்து, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவ்வாண்டு உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் இவருடைய மணிக்கட்டு முறிந்தது. அணி கோப்பையை வென்றபோது இவர் களத்தில் இல்லை. மறு ஆண்டும் அதே மணிக்கட்டு முறிய, 12 ஆட்டங்களோடு அவ்வாண்டு முடிந்தது. பலர் நம்பிக்கை இழந்தனர், கிரீன்பெர்க் இழக்கவில்லை. 1938இல் 58 ஹோம் ரன்கள் அடித்தார். பேப் ரூத் 1927இல் படைத்த 60 என்னும் சாதனைக்கு இரண்டே குறைவு.

1940இல் ரூடி யார்க் என்னும் வீரருக்கு முதல் தளத்தை விட்டுக்கொடுக்குமாறு நிர்வாகம் கேட்டது. கிரீன்பெர்க் இசைந்து, பழக்கமில்லாத இடதுபுற வெளிக்களத்தைப் பயின்றார். அவ்வாண்டும் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். இருவேறு ஆடுநிலைகளில் அவ்விருதை வென்ற முதல் வீரர் இவரே.

ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த அக்காலத்தில், அமெரிக்காவிலும் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் நிறைவேறியது. 1941 மே 6ஆம் நாள் இரண்டு ஹோம் ரன்கள் அடித்த கிரீன்பெர்க், மறுநாள் படைவீரரானார். ஆண்டுக்கு 55,000 டாலர் ஈட்டியவருக்கு மாதம் 21 டாலரே ஊதியம். 28 வயதைக் கடந்தோருக்கான விலக்கின்படி டிசம்பர் 5ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். இரண்டே நாளில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. இம்முறை எவரும் அழைக்கவில்லை, ஆடுகளம் காத்திருந்தது. ஆயினும் கிரீன்பெர்க் தாமே முன்வந்து மீண்டும் படையில் சேர்ந்தார். 1945இன் நடுப்பகுதி வரை அப்பணி நீண்டது.

அவருடைய வாழ்நாள் ஹோம் ரன்கள் 331. போரில் கழிந்த ஆண்டுகள் அக்கணக்கில் இடம்பெறவில்லை; அவரை மதிப்பிடுவோர் அவ்வாண்டுகளையும் சேர்த்தே எண்ணுகின்றனர்.