தாங்கும் கரங்களில் நல்மரணம்

இறந்த மகனை மடியில் தாங்கியிருக்கும் வியாகுல அன்னையின் சுரூபத்தை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். தவக்காலத்தில் அதன்முன் நின்று செபித்திருக்கிறோம். அத்தகைய சுரூபங்களுள் உலகமே அறிந்தது, உரோமை தூய பேதுரு பேராலயத்தில் உள்ள பியத்தா என்னும் பளிங்குச் சிலை. அதைச் செதுக்கியவர் மைக்கேல் ஆஞ்சலோ. அதே காட்சியை அவர் தம் முதிர்ந்த வயதில் மீண்டும் இருமுறை செதுக்கினார் என்பது பலருக்குத் தெரியாது. இம்மூன்று சிலைகளையும் வரிசையாகப் பார்த்தால், சாவின் அழகு எது என்று வாழ்நாளெல்லாம் தேடிய ஒரு மனிதரின் பயணம் புலப்படும்.

மைக்கேல் ஆஞ்சலோ 1475ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் இத்தாலியின் காப்ரேசே என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆறு வயதிலேயே தாயை இழந்தார். இளைஞராக இருந்தபோது, புளோரன்ஸ் நகரில் அகுஸ்தினார் சபைத் துறவிகளின் மடத்தில் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய அனுமதி பெற்றார். தசையும் நரம்பும் எலும்பும் எப்படி இணைந்துள்ளன என்பதை அங்கே கற்றார். உயிர் பிரிந்த உடல் எப்படித் தளர்ந்து கிடக்கும் என்பதைக் கண்ணால் கண்டு அறிந்தவர் அவர்.

முதல் பியத்தாவை அவர் 1498-99ஆம் ஆண்டுகளில் செதுக்கினார். பிரான்சு நாட்டுக் கர்தினால் ஒருவர் தம் கல்லறைக்காக அதைக் கேட்டிருந்தார். அப்போது மைக்கேல் ஆஞ்சலோவுக்கு வயது 24. அந்தச் சிலையில் சாவின் கோரம் எதுவும் இல்லை. ஆணிக் காயங்கள்கூட மிகச் சிறியவை. இயேசு உறங்குவது போலவே கிடக்கிறார். அன்னை மரியாவின் முகம் இளம்பெண்ணின் முகம். கல் முழுவதும் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டுள்ளது. குறையே இல்லாத வடிவம்தான் அழகு என்பது அந்த இளைஞரின் எண்ணம்.

ஆண்டுகள் உருண்டன. சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரையில் படைப்பின் வரலாற்றைத் தீட்டினார். அதே சிற்றாலயத்தின் பீடச் சுவரில் 1536 முதல் 1541 வரை இறுதித் தீர்ப்பைத் தீட்டினார். அதில் புனித பர்த்தலமேயு தம் கையில் ஏந்தியிருக்கும் உரிக்கப்பட்ட தோலில் உள்ள முகம் ஓவியருடையதே என்று பலரும் கருதுகின்றனர். தீர்ப்பின் நாளில் தாம் எங்கே நிற்போம் என்ற கேள்வி அவரை வாட்டியிருக்க வேண்டும். 1547இல் அவரது ஆன்மிகத் தோழியும் கவிஞருமான வித்தோரியா கொலோன்னா இறந்தார். அதே ஆண்டில் தூய பேதுரு பேராலயக் கட்டடப் பணியை, தம் 71ஆவது வயதில், ஊதியம் வாங்காமல் இறைப்பணியாக ஏற்றார்.

அக்காலத்தில்தான் இரண்டாவது பியத்தாவைத் தொடங்கினார். இம்முறை யாரும் கேட்கவில்லை. தம் சொந்தக் கல்லறைக்காகவே செதுக்கினார். சரியும் இயேசுவின் உடலை அன்னையும் மகதலா மரியாவும் தாங்க, பின்னால் நின்று மூவரையும் அணைக்கிறார் நிக்கதேம். அந்த முதியவரின் முகம் மைக்கேல் ஆஞ்சலோவின் முகமே. ஆனால் கல் கடினமானது, குறைகள் நிறைந்தது. 1555ஆம் ஆண்டளவில் அவரே அதைச் சம்மட்டியால் உடைத்துக் கைவிட்டார். பின்னர் அவருடைய மாணவர் ஒருவர் துண்டுகளை ஒட்டினார். அது இன்று புளோரன்ஸ் பேராலய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதே 1555இன் இறுதியில் அவர் வாழ்வில் மற்றோர் இழப்பு நேர்ந்தது. 26 ஆண்டுகள் அவருக்குப் பணிவிடை செய்த ஊர்பினோ நோயில் விழுந்தார். எண்பது வயது எசமானர் தம் வேலையாளின் படுக்கையருகே அமர்ந்து, உடுத்திய உடையோடு இரவெல்லாம் விழித்திருந்து பணிவிடை செய்தார். வருத்தமின்றி விருப்பத்தோடு சாக ஊர்பினோவே தமக்குக் கற்றுத் தந்தார் என்று பின்னர் ஒரு மடலில் எழுதினார். பளிங்கில் தேடியதை ஒரு வேலையாளின் படுக்கையருகே அவர் கண்டுகொண்டார்.

மூன்றாவது பியத்தா மிலான் நகரில் உள்ளது. இதில் மடி இல்லை, மெருகு இல்லை. நின்றுகொண்டே சரியும் மகனைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிறார் தாய். முன்பு செதுக்கியதை வெட்டி நீக்கிவிட்டு, தாய்க்கென இருந்த கல்லிலிருந்தே மகனைப் புதிதாகச் செதுக்கத் தொடங்கினார். பழைய வடிவத்தின் கை ஒன்று தனியே தொங்கி நிற்கிறது. இரு உடல்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தால், மகனே தாயை முதுகில் சுமப்பது போலத் தோன்றும். யார் யாரைத் தாங்குகிறார் என்று சொல்ல முடியாது. 2015 முதல் இச்சிலை, 16ஆம் நூற்றாண்டில் நோயுற்ற படைவீரர்களின் மருத்துவமனையாக இருந்த ஒரு கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. எத்துணைப் பொருத்தம்!

1564 பிப்ரவரி 12, சனிக்கிழமை. அன்று முழுவதும் நின்றபடியே இச்சிலையில் வேலை செய்தார். இரண்டு நாள் கழித்து, உடல் நலம் குன்றிய நிலையிலும் மழையில் நடந்துகொண்டிருந்தார். பின்னர் படுக்கையில் விழுந்தார். ஆன்மாவை இறைவனுக்கும், உடலை மண்ணுக்கும், பொருளை உறவினருக்கும் கையளித்தார். இறக்கும் வேளையில் இயேசுவின் பாடுகளைத் தமக்கு நினைவூட்டும்படி அருகிலிருந்தோரைக் கேட்டுக்கொண்டார். 18ஆம் நாள் மாலை, நண்பர்கள் சூழ்ந்திருக்க உயிர் பிரிந்தது. வயது 88. சிலை முடியவில்லை.

அன்பார்ந்தவர்களே! நாமும் சாவை அழகுபடுத்த விரும்புகிறோம். மலர் வளையங்கள், பெரிய பதாகைகள், பளிங்குக் கல்லறைகள். இவற்றில் தவறில்லை. ஆனால் இறந்தபின் நாம் காட்டும் அக்கறையை, இறந்துகொண்டிருப்பவரிடம் காட்டினோமா? அவருடைய கையைப் பிடித்து அமர்ந்தோமா? நோயில்பூசுதல் பெற உரிய நேரத்தில் அருள்பணியாளரை அழைத்தோமா? அந்த உடலின் நாற்றத்தையும் நடுக்கத்தையும் பொறுத்துக்கொண்டோமா?

இளம் வயதில் மைக்கேல் ஆஞ்சலோ செதுக்கிய சாவு குறையற்றது. முதுமையில் செதுக்கியதோ குறைபட்டது, முடியாதது. ஆயினும் நம்மைத் தேற்றுவது இரண்டாவதே. ஏனெனில் நம் வீடுகளில் நிகழும் சாவு அப்படித்தான் இருக்கிறது. தாங்கிப் பிடிக்க ஒருவர் இருந்தால், அதுவே நல்மரணம். இன்று நம் பங்கில் யாரோ ஒருவர் படுக்கையில் காத்திருக்கிறார். அவரைத் தாங்கும் கரங்கள் நம்முடையவையாக இருக்கட்டும்.