உளியால் உள்ளம் திறந்த பார்பரா ஹெப்வொர்த்

சிற்பம் என்றதும் ஆலயத்துச் சுரூபங்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் முகமும் கைகால்களும் இல்லாத சிற்பங்களும் உண்டு. அவற்றாலும் உள்ளத்தைத் திறந்து காட்ட முடியும் என்று மெய்ப்பித்தவர்களுள் ஒருவர், இங்கிலாந்து நாட்டுச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் அம்மையார்.

இவர் 1903 ஜனவரி 10 அன்று யார்க்‌ஷயரிலுள்ள வேக்ஃபீல்டு நகரில் பிறந்தார். பொறியாளரான தந்தை பணி நிமித்தம் காரில் செல்லும்போது சிறுமி பார்பராவும் உடன் செல்வார். வழியிலுள்ள குன்றுகள் அவருக்கு மாபெரும் சிற்பங்களாகவே தோன்றின. லீட்ஸ் நகரிலும், பின்னர் லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் பயின்றார்.

1929இல் மூத்த மகன் பால் பிறந்தான். அக்குழந்தையின் உருவைப் பர்மா மரத்தில் செதுக்கினார். நாளடைவில் மனித உருவை விடுத்து, அருவ வடிவங்களையே தம் மொழியாக்கிக் கொண்டார். 1934இல் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தபோதும் உளியைக் கைவிட்டாரில்லை.

1939இல் கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் குடியேறினார். அங்கே மரத்தோடு வண்ணமும் நரம்புகளும் சேர்ந்தன. 1946இல் உருவான 'பெலகாஸ்' சிற்பத்தில், மரத்தை அலைபோல் குடைந்து, உள்ளே வண்ணம் பூசி, யாழ்போல் நரம்புகள் கட்டினார். கடலும் காற்றும் தம்மை ஈர்த்த ஈர்ப்பையே அந்நரம்புகள் உணர்த்தின.

1953இல் பேரிடி விழுந்தது. விமானப்படையில் பணியாற்றிய பால், தாய்லாந்தில் விமான விபத்தில் உயிர்நீத்தார். அத்துயரைச் சொல்ல அன்னை நாடியது எதனை? மீண்டும் மனித உருவையே! 1954இல் தேவமாதாவையும் பாலனையும் கல்லில் செதுக்கி, மகன் நினைவாகச் செயின்ட் ஐவ்ஸ் ஆலயத்துக்கு அளித்தார்.

1961இல் நண்பர் டாக் ஹாமர்ஷோல்டும் விமான விபத்தில் மறைந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளரான அவருக்கு, 1964இல் நியூயார்க்கில் 21 அடி உயர வெண்கலச் சிற்பம் எழுந்தது. இம்முறை முகமில்லை; வட்டத் துளையொன்று கொண்ட ஓங்கிய வடிவமே நின்றது.

1975 மே 20 அன்று தம் சிற்பக்கூடத்தில் நேர்ந்த தீ விபத்தில் அம்மையார் காலமானார். அக்கூடம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

மகனை இழந்த துயருக்கு ஒரு வடிவம். நண்பரை இழந்த துயருக்கு வேறொரு வடிவம். இரண்டும் உண்மையே. புரியாத சிற்பம் ஒன்றைக் கண்டால் நகைத்துச் செல்லாமல், சற்று நின்று நோக்குவோம். அதனுள் ஓர் அன்னையின் கண்ணீர் இருக்கக்கூடும் அன்றோ!