கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

டீசல் என்றால் ஒரு எண்ணெயின் பேர் என்றுதான் நம்மில் நிறையப் பேர் நினைச்சிருப்போம். ஆனால் அது ஒரு மனிதரின் பேர்!

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பாவுக்குத் தோல் சாமான் செய்கிற தொழில். 1870-இல் போர் மூண்டதால் குடும்பம் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போனது. 12 வயசுப் பையனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் ஊரிலிருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினாங்க. அவர் கணக்கு வாத்தியார். பிறகு உதவித்தொகை வாங்கி மியூனிக்கில் பொறியியல் படித்தார். கடைசிப் பரீட்சை நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்துவிட்டது. ஆனாலும் மனம் தளராமல் 1880-இல் எழுதி மிகச் சிறப்பாகத் தேறினார்.

அது நீராவி இன்ஜின் காலம். எரிக்கிற கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலைக்கு ஆகாது, மீதி வீண். விலையும் அதிகம். பெரிய முதலாளிதான் வாங்க முடியும். சின்னப் பட்டறைக்காரரும் வாங்கும்படி ஒரு இன்ஜின் வேணும் என்பது டீசலின் ஆசை. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பு சுடும் இல்லையா? அதேபோல காற்றை மிக இறுக்கமாக அழுத்தினால் பயங்கரமாகச் சூடாகும். அதில் எண்ணெயைத் தெளித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1893-இல் சோதனை செய்தபோது ஒரு கருவி வெடித்துச் சிதறியது. அவர் விடவில்லை. 1897-இல் வெற்றி! வெப்பத்தில் கால் பங்கு வேலையாக மாறியது.

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடுச்சு. பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியல. விவசாயி விளைவிக்கும் எண்ணெய்க்கும் ஒரு காலம் வரும் என்று டீசல் நம்பினார். ஆனால் அவருக்குக் கடன் ஏறிக்கொண்டே போனது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார். பல நாள் கழித்துத்தான் கடலில் உடல் கிடைத்தது. அப்போ அவருக்கு வயசு 55.

அவர் நம்பிக்கை சாகவில்லை. தாவர எண்ணெய் கெட்டியானது, போகப் போக இன்ஜினை அடைத்துவிடும். 1937-இல் பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி ஷவான், பாமாயிலை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து மெல்லிசாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இதுதான் பயோடீசல். இப்போ பெரும்பாலும் மெத்தனால் சேர்க்கிறாங்க. வெறுமனே கலந்தால் சீக்கிரம் வினை நடக்காது. காஸ்டிக் சோடா மாதிரி ஒரு வினையூக்கி வேணும். கல்யாணத் தரகர் மாதிரி அது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்கும், தான் அந்தக் குடும்பத்தில் சேராது. எண்ணெயின் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் போதும். கிளிசரின் அடியில் தங்கிவிடும், மேலே நிற்பது பயோடீசல். எண்ணெயில் அமிலமோ தண்ணீரோ அதிகம் இருந்தால் சோப்பு உண்டாகிவிடும். புங்க எண்ணெயில் பெரும்பாலும் அமிலம் கூடுதல். அதனால் முதலில் கந்தக அமிலத்தை வினையூக்கியாக வைத்து அதைக் குறைக்கிறாங்க.

நம்ம நாட்டிலும் 2002 டிசம்பர் 31-இல் டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள்.

நண்பர்களே, ஒரு எச்சரிக்கை! இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீங்க. காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான்.

புங்கங்கொட்டையும் இலுப்பைக்கொட்டையும் மரத்தடியில் சும்மா கொட்டிக் கிடக்குது. சின்னத் தொழிலாளிக்கு ஒரு இன்ஜின் தர நினைத்தார் டீசல். அந்த இன்ஜினுக்குச் சின்ன ஊரே எண்ணெய் தரும் வழியை, நல்லாப் படித்து, ஆய்வகத்தில் பாதுகாப்பாகக் கண்டுபிடிக்க வேண்டியவங்க நாமதான்!

– 9-ஆம் வகுப்பு மாணவி